சிலோன்ல பிரிஞ்ச அக்கா குடும்பத்தையும் சொந்த ஊரையும் தேடின ஒரு கோத்தகிரி குடும்பம்: நிகழ்வு ஆய்வு

இது ஒரு தாயகம் திரும்பிய குடும்பத்தோட வேர் தேடல் பத்தின பதிவு, ஆரம்பத்துல இருந்து இன்னைய நிலைமை வரைக்கும். குடும்பத்தோட சம்மதம் வாங்கித்தான் எழுதுறேன், பேர், தோட்டத்துப் பேர், கிராமத்துப் பேர் எதுவும் போடல. நான் இந்த மாதிரி குடும்பங்களுக்கு பழைய பேப்பர் படிச்சு சொல்றது, ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிறதுன்னு கொஞ்ச காலமா கூட இருக்கேன். நீலகிரியில, வால்பாறையில, ஏன் தமிழ்நாடு பூராவுமே இதே கதை இருக்குற வீடுங்க நிறைய இருக்கு, அவங்க ஆரம்பிக்கும்போது இது உதவும்னு நம்புறேன்.

பின்னணி

குடும்பம் கோத்தகிரி பக்கம் டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தோட குடியிருப்புல இருக்கு. 1974ல இலங்கையில இருந்து வந்தவங்க. 1964 அக்டோபர்ல போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்குப் போனவங்க வம்சமா வந்து, நாடு இல்லாம நின்ன 9,75,000 மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு முடிவாச்சு, அந்த மீதியையும் 1974ல ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. காகிதத்துல இது வெறும் நம்பர். லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, என்ன ஆச்சுன்னா ஒரே வீட்டுல அக்கா குடும்பம் அங்கயே இருக்கேன்னு எழுதிக் கொடுத்துச்சு, தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துச்சு.

அந்தத் தங்கச்சிதான் இந்தக் குடும்பத்தோட அப்பாயி. வயசு 80ஐ தாண்டிருச்சு, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நல்லா இருக்கு. புருஷன் இறந்து ரொம்ப வருஷம் ஆச்சு. தேடலை ஆரம்பிச்சது பேத்தி, கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனியில வேலை. அவங்களுக்கு ரெண்டு கேள்வி. அப்பாயியோட அக்கா குடும்பம் இப்போ எங்க இருக்கு? தாத்தாவோட முன்னோர் தமிழ்நாட்டுல எந்த ஊர்ல இருந்து சிலோனுக்குப் போனாங்க?

ஆரம்பத்துல எங்க மாட்டிக்கிட்டு நின்னுச்சு

பேத்தி எல்லாரும் செய்ற மாதிரிதான் ஆரம்பிச்சிருக்காங்க. குடும்ப வரலாறு தேடுற வெப்சைட்டுகளான ஃபேமிலிசர்ச்ல ஒரு அக்கவுண்ட், அது இலவசம், மைஹெரிட்டேஜ்ல இன்னொரு அக்கவுண்ட், ரெண்டுலயும் தாத்தா பேரை ஆங்கிலத்துல போட்டு தேடிப் பாத்திருக்காங்க. ராமசாமின்னு போட்டா உலகத்துல இருக்குற அத்தனை ராமசாமியும் வந்து நிக்குறாங்க, அதுல டர்பன்ல இறந்தவர் இருக்கார், பினாங்குல கல்யாணம் பண்ணவர் இருக்கார், நம்ம ஆள் இல்ல.

ரெண்டாவது பிரச்சனை அந்த சர்நேம் கட்டம். அந்த சைட் எல்லாம் பரம்பரையா ஒரே குடும்பப் பேர் வர்ற ஆட்களுக்காக கட்டினது. நமக்கு அப்பா பேர்தான் இனிஷியல், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும். பேத்தி சர்நேம் கட்டத்துல அப்பா பேரை போட்டதும் ஒரே குடும்பத்துல நாலு தலைமுறைக்கு நாலு சர்நேம் ஆகி, அப்பாவும் மகனும் சம்பந்தமே இல்லாத ரெண்டு வம்சம் மாதிரி தெரிய ஆரம்பிச்சுருச்சு. அது போதாதுன்னு அப்பாயி கட்டினது சொந்த அத்தை மகனை. அதாவது மாமியாரே அத்தை. ஆப்ல அந்த அத்தையை ரெண்டு இடத்துல தனித்தனி ஆளா போட்டிருந்தாங்க, ஒண்ணு அப்பாவோட தங்கச்சியா, இன்னொண்ணு மாமியாரா.

நான் போனப்போ பேத்தி கிட்டத்தட்ட கைவிட்டுட்டாங்க, "நம்மள மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் ரெக்கார்டே இருக்காது போல அண்ணா"ன்னு சொன்னாங்க. இந்த நினைப்பு நம்ம ஆட்கள் நிறைய பேர்கிட்ட இருக்கு, இது தப்பு. ரெண்டு நாடு சேர்ந்து நம்மகிட்ட கேட்ட பேப்பர் மாதிரி வேற யார்கிட்டயும் கேட்டிருக்க மாட்டாங்க. 1948ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் உன் அப்பன் இங்க பொறந்தானா, இல்லன்னா பாட்டனும் பூட்டனும் இங்க பொறந்தாங்களான்னு கேட்டுச்சு. இந்திய அரசியலமைப்போட 8வது பிரிவு உன் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ யாராவது இந்தியாவுல பொறந்தவங்களான்னு கேட்டுச்சு. ஜனங்களைப் பிரிச்ச அதே கேள்விதான் மூணு தலைமுறைத் தகவலை காகிதத்துல ஏத்தி வச்சிருக்கு. ஆனா அது வெப்சைட்ல இல்ல, வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு.

முதல் முடிவு: அப்பாயியை பேச விடுறது

ஆப் எல்லாத்தையும் ஓரமா வைக்கச் சொன்னேன். காரணம் சிம்பிள், பேப்பர் இன்னும் பத்து வருஷம் கழிச்சும் இருக்கும், அப்பாயிக்கு வயசாகுது. போன்லயே இருக்குற வாய்ஸ் ரெக்கார்டர் போதும், தனியா மைக் எதுவும் வாங்கல. டிவியை அணைச்சுட்டு, போனை ஃபிளைட் மோட்ல போட்டு அவங்க பக்கத்துல ஒரு துணி மேல வைக்கணும். பாத்திரம் உருட்டுற சத்தம் இல்லாத மத்தியான நேரமா பாத்துக்கிட்டோம். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல போகல, அதுக்கு மேல அவங்களுக்கு மூச்சு வாங்கும்.

"எந்த வருஷம் பொறந்தீங்க", "எந்த வருஷம் கல்யாணம்"னு கேட்டா ஒண்ணும் தேறாது. அப்பாயிக்கு வருஷக் கணக்கு இல்ல, சம்பவக் கணக்குதான். தனுஷ்கோடி புயல்ல கப்பல் நின்னுபோன சேதி வந்தப்ப மூத்தவ கைப்பிள்ளைன்னு சொன்னாங்க. அந்தப் புயல் 1964 டிசம்பர், அப்போ மூத்த அத்தை பொறந்தது 1964க்குள்ளன்னு நமக்குப் பிடி கிடைச்சுருச்சு. தோட்டத்துல அரிசி இல்லாம மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்னுட்டு கொழுந்து எடுத்த காலம், அதுக்கு அடுத்து கிளம்பினோம்னாங்க. அது 1973 - 74 பஞ்சம். தன்னோட தாத்தா கழுத்துல தகரத் துண்டு கட்டிக்கிட்டு வந்தவர்னு அவங்க அம்மா சொல்லிக் கேட்டிருக்காங்க. அந்த தகரச் சீட்டு, அதாவது ஆள் எந்த தோட்டத்துக்குப் போறான்னு நம்பர் அடிச்ச தகரம், 1900களோட தொடக்கத்துலதான் வந்துச்சு, அப்போ அப்பாயியோட தாத்தா வந்ததும் அந்தக் காலத்துக்கு முன்ன இல்ல.

ரெக்கார்டிங்கை எழுத்தா மாத்துறதுக்கு பேத்தி வாய்ஸ் டைப்பிங் போட்டுப் பாத்தாங்க. சென்னைத் தமிழ் ஓரளவு வரும், மலையகப் பேச்சு சுத்தமா வரல. பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், மேற்கணக்கு, கீழ்க்கணக்கு இதெல்லாம் கண்டபடி வேற சொல்லா மாறிருச்சு. இதுல மேற்கணக்கு கீழ்க்கணக்குங்கிறதுதான் தோட்டத்தோட டிவிஷன், நம்ம தேடலுக்கு முக்கியமான தகவலே அதுதான். அதனால மிஷினை நம்பாம பேத்தியே உக்காந்து கேட்டு எழுதினாங்க, எத்தனாவது நிமிஷத்துல என்ன பேச்சுன்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டாங்க. அப்பாயி சொன்ன சொல்லை மாத்தவே இல்ல.

டிரங்குப் பெட்டி

பெட்டி திறந்தது அதுக்கு அப்புறம்தான். இந்த வரிசை முக்கியம், முதல்ல பேசினதால எந்தப் பேப்பர் யாரோடதுன்னு அப்பாயியே சொல்ல முடிஞ்சுது.

உள்ள இருந்தது: இலங்கையில இருந்து வந்தவங்களை முதல்ல தங்க வச்ச மண்டபம் முகாம்ல கொடுத்த குடும்ப அட்டை, தாத்தா பேர்ல குடும்பத்துக்கே சேர்த்து எடுத்த இந்திய பாஸ்போர்ட், ரெப்கோ பேங்க் பேப்பர், இந்தியக் குடியுரிமைக்கு போட்ட விண்ணப்பத்தோட நகல், ஒரு கட்டு ஏர் லெட்டர். ரெப்கோ பேங்க் 1969ல தாயகம் திரும்பியவங்களுக்காகவே ஆரம்பிச்சது, அதுல மெம்பரா இருக்கணும்னா குடும்ப அட்டை வேணும், அதனாலயே நிறைய வீட்டுல அந்த அட்டையை பத்திரமா வச்சிருப்பாங்க. வேர் தேடுறவங்க வீட்டுல அட்டை இல்லன்னா முதல்ல அந்த பேங்க் ஃபைலைத்தான் கேக்கணும்.

ஸ்கேன் பண்றதுக்கு ரெண்டு வழி வச்சுக்கிட்டோம். அட்டை, விண்ணப்பம் எல்லாம் போன் ஸ்கேன் ஆப்லயே. லெட்டர் மட்டும் கோத்தகிரியில ஒரு கடையில ஃபிளாட்பெட் ஸ்கேனர்ல 600 டிபிஐ, ரெண்டு பக்கமும், கவரா மடிச்ச மேல்பக்கத்தையும் சேர்த்து. எதுவுமே லேமினேட் பண்ணக் கூடாதுன்னு சொல்லி வச்சேன், ஏன்னா பழைய மை அந்த சூட்டுல கெட்டுப் போறதை நானே பாத்திருக்கேன். செல்லோடேப்பும் வேண்டாம். ஃபைலுக்கு பேர் வைக்கும்போது முதல்ல வருஷம், அப்புறம் என்ன பேப்பர், அப்புறம் யாரோடது, அவ்வளவுதான். வருஷம் தெரியாததுக்கு ஒரு குறிப்பு: மேல சிலோன்னு இருந்தா 1972 மே மாசத்துக்கு முன்னாடி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அப்போதான் நாட்டோட பேர் ஸ்ரீலங்கான்னு மாறுச்சு. ஆனா பழைய ஃபாரத்தை தீருற வரைக்கும் ஓட்டியிருப்பாங்க, அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணல.

விண்ணப்ப நகல்ல தட்டச்சு அடிச்சிருந்த ஒரு வரியிலதான் ரெண்டாவது கேள்விக்கு முதல் பிடி கிடைச்சுது. தாத்தாவோட பாட்டனார் பொறந்த இடம்: திருச்சிராப்பள்ளி ஜில்லா, முசிறி தாலுகா, அப்புறம் ஒரு ஊர்ப் பேர். எழுத்து பாதி அழிஞ்சு போய் "பட்டி"ன்னு முடியுறது மட்டும் தெளிவா தெரிஞ்சுது. அந்தப் பக்கம் பட்டின்னு முடியாத ஊரைத் தேடுறதுதான் கஷ்டம்.

பேரை விட்டுட்டு இடத்தைத் தேடினது

இங்கதான் மொத்த முறையையும் மாத்தினோம். ஒரு கூகுள் ஷீட்ல ஆள் பேர் முதல் காலம் (column) கிடையாது, இடம்தான் முதல் காலம். நாடு, மாவட்டம், தபால் ஊர், தோட்டம், டிவிஷன், லயம். அதுக்கு அப்புறம்தான் ஆள். ராமசாமிங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, ஆனா அந்தத் தோட்டத்து மேற்கணக்குல இன்ன கங்காணி (ஆள் கூட்டிட்டுப் போய் வேலை வாங்குற மேஸ்திரி) பெரட்டுல (அவர் கீழ இருக்குற ஆள் கணக்குல) பேர் பதிஞ்ச ராமசாமி ஒருத்தரோ ரெண்டு பேரோதான்.

குடும்ப மரத்துக்கு கிராம்ப்ஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் எடுத்தோம், கம்ப்யூட்டர்லயே இருக்கும், இன்டர்நெட்ல ஏறாது. அதுல அப்பா பேரை அப்பா பேராவே குறிக்கலாம், சர்நேம்னு பொய் சொல்ல வேண்டாம். அத்தையும் மாமியாரும் ஒரே ஆள்ங்கிறதையும் ஒழுங்கா ஏத்துக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதச் சொன்னேன், அப்பாயி வாய்மொழி, குடும்ப அட்டை, லெட்டர் இப்படி. ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருந்தா ரெண்டையும் வைக்கணும், நமக்குப் பிடிச்சதை மட்டும் வச்சுக்கிட்டு இன்னொண்ணை அழிக்கக் கூடாது.

அடுத்து தோட்டம். அப்பாயி சொன்னது தோட்டத்தோட தமிழ்ப் பேர். கூகுள் மேப்ல அது வரவே வராது, ஏன்னா கம்பெனி ரெக்கார்ட்ல தோட்டத்துக்கு ஸ்காட்லாந்து ஊர்ப் பேரோ சிங்களப் பேரோதான் இருக்கும், நம்ம ஜனங்க தங்களுக்குள்ள வச்ச பேர் வேற. பழைய தோட்ட டைரக்டரிகள்ல ஆங்கிலப் பேர் பக்கத்துலயே தமிழ்ப் பேரும் போட்டிருப்பாங்க, துரைமாருக்கு ஆள் பிடிக்கவும் கணக்குப் பாக்கவும் அது தேவைப்பட்டுச்சு. அந்த மாதிரி டைரக்டரி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேனா கிடைச்சுது. மலையகம் பத்தின புத்தகம், பத்திரிகை, தோட்டப் பள்ளி மலர் எல்லாம் இலங்கைத் தமிழ் நூல்களை ஸ்கேன் பண்ணி வைக்கிற 'நூலகம்'ங்கிற இணையதளத்துல இலவசமாவே இருக்கு, மணிக்கணக்கா உக்காந்து பாக்கலாம், நான் பாத்திருக்கேன். ஏர் லெட்டர் அனுப்புனர் முகவரியில இருந்த ஆங்கிலப் பேரும் டைரக்டரியில தமிழ்ப் பேருக்கு நேரா இருந்த பேரும் ஒண்ணா இருந்துச்சு. இலங்கை மலைநாட்டுல அட்டன் பக்கம். சாட்டிலைட் படத்தை பெருசாக்கி காட்டினோம், அப்பாயி ஸ்டோரையும் (தேயிலை ஃபேக்டரி) ஆத்தையும் விரல் வச்சு காட்டிட்டு, "கோயிலு ஆத்துக்கு இந்தாண்டையில்ல இருக்கணும்"னாங்க. இருந்துச்சு.

தப்பான ஆள், அப்புறம் சரியான ஆள்

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு பழைய மாணவர்கள் நடத்துற ஃபேஸ்புக் பக்கம் ஒண்ணு இருந்துச்சு. பேத்தி உடனே அப்பாயி போட்டோ, பாஸ்போர்ட் எல்லாம் போட்டு பகிரங்கமா எழுதிடலாம்னாங்க. வேண்டாம்னு முடிவு எடுத்தோம். பாஸ்போர்ட் நம்பர், பொறந்த தேதி, குடும்ப அட்டை இதெல்லாம் வெளியில போனா யார் கையில போகும்னு சொல்ல முடியாது, அதைவிட முக்கியம், எல்லா விவரத்தையும் நாமளே கொட்டிட்டா அப்புறம் வர்றவங்க உண்மையான சொந்தமான்னு சோதிக்க நம்ம கையில ஒண்ணும் இருக்காது. அதனால தோட்டம், டிவிஷன், 1974ல கிளம்பின குடும்பம், அக்கா அங்க இருந்தாங்க, இவ்வளவுதான் எழுதினது. அம்மா பேர், சின்ன வயசுல இறந்துபோன தம்பி, லயத்து வீடு எங்க இருந்துச்சு, இந்த மூணையும் பதுக்கி வச்சோம்.

ஒரு குடும்பம் சீக்கிரமே பதில் போட்டுச்சு. அவங்க பாட்டிக்கும் அதே பேர், அவங்க தங்கச்சியும் இந்தியாவுக்குப் போனாங்க. எல்லாருக்கும் சந்தோஷம், பேத்தி வீடியோ கால் போட துடிச்சாங்க. மூணு கேள்வியை கேட்டோம், அம்மா பேர் வேற, வீடு கீழ்க்கணக்குல, தம்பியே கிடையாதாம். அந்த வீட்டுல ஒரு அம்மா போன்லயே அழுதுட்டாங்க, அவங்களும் அவங்க ஆளைத் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. அவங்க விவரத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு இங்க வால்பாறை, கூடலூர் பக்கம் விசாரிச்சுட்டு இருக்கோம்.

அப்புறம் கொஞ்ச நாள் ஒண்ணும் நகரல. அந்த நேரத்துல பேத்தி லெட்டர் ஸ்கேனை எல்லாம் ஒவ்வொண்ணா பெருசாக்கி பாத்துட்டு இருந்திருக்காங்க. கடைசி லெட்டர், 1983 தொடக்கம். உள்ள அக்கா எழுதினது பூரா தோட்டத்துக் கதை, இன்னாருக்கு கல்யாணம், இன்னார் செத்துட்டார்னு. வீட்டுல எல்லாருமே அதைத் தோட்டத்துல இருந்து வந்த லெட்டர்னுதான் 40 வருஷமா நினைச்சிருக்காங்க. அனுப்புனர் முகவரி எழுதுற இடம் கிழிஞ்சு போயிருக்கு. ஆனா ஸ்டாம்ப் மேல விழுந்த தபால் முத்திரை, பாதிதான் பதிஞ்சிருக்கு, நிறம் மங்கல். அதை போன்லயே கான்ட்ராஸ்ட் ஏத்தி, கலரை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையாக்கினதும் "வவுனி" வரைக்கும் தெரிஞ்சுது.

வவுனியான்னா கதையே வேற. 1977 கலவரத்துல அடிபட்டு தோட்டத்தை விட்டுட்டு வன்னிப் பக்கம் போன குடும்பங்க நிறைய, வவுனியா, கிளிநொச்சின்னு காடு வெட்டி குடியேறினாங்க. அக்கா குடும்பமும் அதுல போயிருக்கணும்னு கணிச்சு, அதே பள்ளிக்கூடப் பக்கத்துல 77க்கு அப்புறம் வன்னிக்குப் போன குடும்பங்க யாருக்காவது தெரியுமான்னு கேள்வியை மாத்திக் கேட்டோம். ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தர் தெரியும்னு சொல்லி, அவர் மூலமா இன்னொருத்தர், அவர் மூலமா கிளிநொச்சி பக்கம் ஒரு அம்மா. அக்காவோட மகள். மூணு கேள்விக்கும் சரியான பதில், அதோட நாம கேக்காத நாலாவது ஒண்ணையும் அவங்களே சொன்னாங்க, தன் அம்மாவுக்கு இடது கையில தேயிலைக் கவ்வாத்துக் கத்தி வெட்டின தழும்பு. அப்பாயிக்கு அதுக்கு மேல எந்தப் பேப்பரும் தேவைப்படல.

அக்கா உயிரோட இல்ல. அதை அக்கா மகள் முன்னாடியே பேத்திகிட்ட தனியா சொல்லி, பேத்தி அவங்க அப்பாகிட்ட சொல்லி, அவர் உக்காந்து அப்பாயிக்கு சொன்ன பிறகுதான் வீடியோ கால் போட்டாங்க. இந்த ஏற்பாடு குடும்பமே எடுத்த முடிவு, ரொம்ப சரியான முடிவு. இந்த மாதிரி தேடல்ல சாவுச் சேதி வரத்தான் செய்யும், அதை போன் ஸ்க்ரீன்ல திடீர்னு கேக்க வைக்கக் கூடாது.

டிஎன்ஏ டெஸ்ட் வேண்டாம்னு சொன்னது

நடுவுல பேத்தியோட ஃபிரெண்ட் ஒருத்தர் எச்சில் டெஸ்ட் கிட் வாங்கிக் கொடுக்கிறேன்னு சொன்னார். ரெண்டு காரணத்துக்காக நான் வேண்டாம்னு சொன்னேன், குடும்பமும் ஒத்துக்கிச்சு. அந்த டெஸ்ட் சொந்தத்தைக் காட்டணும்னா அந்தச் சொந்தக்காரரும் அதே கம்பெனியில டெஸ்ட் எடுத்திருக்கணும், கிளிநொச்சியிலயோ முசிறியிலயோ யார் எடுத்திருக்கப் போறாங்க. அடுத்தது, ஒருத்தர் கொடுத்தா அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாரோட தகவலும் சேர்ந்துதான் போகுது. இந்த மாதிரி டெஸ்ட் எடுக்குற 23அண்ட்மீ கம்பெனியில 2023ல சுமார் 69 லட்சம் பேர் தகவல் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல கம்பெனியே திவால் மனு போட்டுச்சு. பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம், இதை மாத்த முடியாது.

முசிறி தாலுகா

விண்ணப்பத்துல இருந்த முசிறி தாலுகா அந்தக் காலத்து தாலுகா. இன்னைக்கு துறையூர், தொட்டியம்னு தனித்தனி தாலுகாவா இருக்குற பகுதி எல்லாம் அப்போ முசிறிக்குள்ளதான். அதனால இன்னைய முசிறி தாலுகாவை மட்டும் தேடினா பாதி ஊர் விட்டுப் போகும். தமிழ்நாடு அரசோட பட்டா சிட்டா பாக்குற இ-சேவை தளத்துல மாவட்டம், தாலுகா தேர்ந்தெடுத்தா வருவாய் கிராமப் பேர் எல்லாம் லிஸ்டா இறங்கும், பட்டா பாக்காம அந்த லிஸ்டை மட்டும் எடுத்துக்கிட்டோம். பட்டின்னு முடியுறது, அழிஞ்ச எழுத்து எத்தனை இருக்கும்னு அளந்து பாத்து பொருந்துறது, அப்படி கழிச்சுக்கிட்டே வந்தோம். குக்கிராமம் இந்த லிஸ்ட்ல வராதுங்கிறதையும் மனசுல வச்சுக்கிட்டோம்.

மீதியை சுருக்கிக் கொடுத்தது குலதெய்வம். குலதெய்வம் பெரியண்ணசாமின்னும், தோட்டத்துல இருந்த கோயிலே ஊர்ல இருந்து பிடிமண் கொண்டு போய் வச்சதுதான்னும் அப்பாயி ரெக்கார்டிங்ல ரெண்டு இடத்துல சொல்லியிருக்காங்க. பெரியண்ணசாமியைக் கும்பிடுற ஆட்கள் துறையூர், கொல்லிமலை பக்கம் நிறைய. குலதெய்வக் கோயில்னா தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கோயிலுக்குக் கொடுக்கிற வரி) இருக்கும், வரி இருந்தா நோட்டு இருக்கும், அதுல எந்த ஊர் பங்காளிங்க எத்தனை தலைக்கட்டுன்னு எழுதி வச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல குடும்ப வரலாறுக்கு இதைவிட நல்ல ரெக்கார்ட் கிடையாதுன்னு நான் நினைக்கிறேன், ஆனா யாருமே அதை அப்படி பாக்குறதில்ல.

பேத்தியோட அப்பா ஒரு கோயில் பூசாரியைப் போய் பாத்தார். முதல் வார்த்தையிலயே சொல்லச் சொன்னது, "நிலம் நீச்சு எதுவும் கேட்டு வரலங்க, சாமி கும்பிடத்தான் வந்திருக்கோம்". சிலோன்காரங்க பங்கு கேட்டு வந்துட்டாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா அப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. அதே காரணத்துக்காகத்தான் ஆன்லைன்ல பழைய பட்டாவைத் தோண்டுறதையும் நிறுத்தி வச்சோம். பூசாரி ஒரு ஊரைச் சொன்னார், அந்த ஊர்ப் பேர் அழிஞ்ச எழுத்தோட பொருந்துது. அங்க ஒரு பெரியவர், தன் தாத்தாவோட கூடப் பொறந்தவர் "கண்டிக்குப் போனவரு, திரும்பி வரல"ன்னு சொன்னார். சிலோன் மலைநாட்டுக்கே அங்க கண்டிச்சீமைன்னுதான் பேர். பேரும் ஒத்துப் போகுது, ஆனா அது அந்தப் பக்கம் ரொம்ப சாதாரணமா வைக்கிற பேர். எழுத்து ஆதாரம் எதுவும் இல்ல. அதனால மரத்துல அந்தக் கிளையை "இருக்கலாம்"னு குறிச்சு, புள்ளிக்கோடா விட்டிருக்கோம்.

இப்போ இருக்குற நிலைமை

முதல் கேள்விக்கு முழு பதில் கிடைச்சது. ரெண்டாவதுக்கு ஊர் வரைக்கும் கிடைச்சது, ஆள் உறுதியாகல.

எதிர்பாக்காத ஒண்ணும் நடந்துச்சு. கிளிநொச்சி அம்மாகிட்ட 2009 சண்டையில இடம்பெயர்ந்தப்போ ஒரு பேப்பர் மிச்சமில்ல, பிறப்புச் சான்றிதழ் இல்லாமலே இருந்திருக்காங்க. தேதியும் எந்தப் பதிவுப் பிரிவுங்கிறதும் சரியா தெரியாததால ஒரு அலுவலகத்துல திருப்பி அனுப்பிட்டாங்களாம். கோத்தகிரி டிரங்குப் பெட்டியில இருந்த ஒரு பழைய லெட்டர்ல, "இன்ன தேதி வெள்ளிக்கிழமை பொம்பளப்புள்ள பொறந்திருக்கு"ன்னு அக்கா எழுதியிருந்தாங்க. அந்த தேதியையும் தோட்டத்தையும் வச்சு அவங்க மகன் பிரதேச செயலகத்துல போட்டு பதிவேட்டுல தேடச் சொல்லி நகல் வாங்கிட்டார். அவரே அப்பாயியோட பிறப்புப் பதிவையும் தேடி எடுத்தார், அதுல 1942, இங்க குடும்ப அட்டையில 1944. ரெண்டையும் அப்படியே போட்டு வச்சிருக்கு.

ஸ்கேன் எல்லாம் மூணு இடத்துல இருக்கு, பேத்தி லேப்டாப், ஒரு ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ். கிளிநொச்சிக்கும் ஒரு செட் போயிருக்கு. ஆன்லைன்ல போட்டிருந்த பழைய மரத்தை எடுத்தாச்சு.

இன்னொரு குடும்பத்துக்கு செய்யும்போது மாத்துறது

லெட்டர் கவரோட மேல்பக்கத்தை கடைசியா இல்ல, முதல்லயே பாக்கணும். முத்திரை, ஸ்டாம்ப், மடிப்புல இருக்குற கிறுக்கல், தேதி எல்லாத்தையும் ஷீட்ல ஒரு காலமா ஏத்தணும், அது இருந்திருந்தா வன்னி விஷயம் முதல் வாரத்துலயே வெளிய வந்திருக்கும். தேடுற ஆள் கடைசியா எங்க இருந்தாங்கன்னு தெரிஞ்ச இடத்துலயே நிக்காம, 1977, 1983 கலவரங்கள் ரெண்டையும் தாண்டினவங்களான்னு ஆரம்பத்துலயே கேட்டுடணும்.

ரெக்கார்டிங்கும் ஒரு வீட்டோட நிறுத்தக் கூடாது. அப்பாயிக்கு தோட்டத்துத் தமிழ்ப் பேர் ஞாபகம் இருந்துச்சு, கங்காணி பேர் ஞாபகம் இல்ல. அதே தோட்டத்துல இருந்து வந்த ஒருத்தர் பக்கத்து லைன்லயே இருக்கார், அவர்கிட்ட கேட்டதும் கங்காணி பேர், அவர் ஊர், அவர் பின்னால வந்த குடும்பங்க பேர் வரைக்கும் கடகடன்னு வந்துச்சு. கங்காணிங்க பெரும்பாலும் சொந்த ஊர்லயும் சுத்துப்பட்டிலயும் இருந்துதான் ஆள் கூட்டிட்டுப் போவாங்க, அதனால கங்காணி ஊர் தெரிஞ்சா நம்ம ஊர் அதுக்குப் பக்கத்துலதான். அவர் சொன்ன கங்காணி ஊர் துறையூர் பக்கம். புள்ளிக்கோட்டை அழுத்திப் போடுற அளவுக்கு அது போதாது, ஆனா அடுத்து அந்தக் கங்காணி வம்சத்துல யார்கிட்டயாவது பழைய பெரட்டுக் கணக்கு நோட்டு இருக்கான்னு விசாரிக்கிறதுன்னு முடிவாகியிருக்கு, பேத்தியோட அப்பா ஆடி மாசம் கோயிலுக்குப் போறப்ப கேட்டுட்டு வர்றார்.